வால்பாறையும் கைப்பேசிக் கோபுரங்களும்

வால்பாறைப் பீடபூமியில் அந்தி சாய்ந்த பிறகு யானைக் கூட்டமொன்று தேயிலைத் தோட்டத்தின் ஓரமாக இறங்கி நடமாடுமானால், எந்தத் தோட்டத்தில், எந்தப் பக்கத்தில் அது நிற்கிறது என்ற செய்தி, அக்கம்பக்கத்துக் குடியிருப்புகளில் வசிக்கும் தொழிலாளர்களுடைய கைப்பேசிகளுக்குக் குறுஞ்செய்தியாகவும், படிக்க இயலாதவர்களுக்குத் தமிழ்க் குரல் அழைப்பாகவும் போய்ச் சேருகின்ற ஓர் ஏற்பாடு 2011ஆம் ஆண்டு முதல் நடந்து வருகிறது. நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷன் என்னும் ஆராய்ச்சி அமைப்பைச் சேர்ந்த ஆனந்தகுமார், வனத்துறையினரும் தோட்ட நிர்வாகங்களும் தோட்டத்து ஜனங்களும் ஒத்துழைக்க இதை உருவாக்கினார்; 2015இல் இயற்கைப் பாதுகாப்புக்கான விட்லி விருது அவரைத் தேடி வந்ததற்கும் இந்தப் பணியே காரணம். இம்மலையில் யானையால் நேர்ந்த மரணங்களில் மிகப் பெரும்பாலானவை, யானை அங்கே நிற்கிறது என்பதை அறியாமல் மனிதர் எதிரே போய்விட்டதால் நேர்ந்தவை என்று அவருடைய ஆராய்ச்சி கண்டது. முதலில் உள்ளூர்க் கேபிள் தொலைக்காட்சியில் ஓடும் எழுத்தாகச் செய்தி வந்தது. பிறகு கைப்பேசிக்கு வந்தது. பிறகு முக்கியமான முனைகளில், பதிவு செய்த எண்ணிலிருந்து அழைத்தால் எரியக்கூடிய சிவப்பு விளக்குகளும் நிறுத்தப்பட்டன. அந்த விளக்குக்குள்ளும் ஒரு சிம் அட்டை இருக்கிறது.

ஆகவே, "இந்தப் பக்கம் எந்தக் கம்பெனி சிக்னல் நன்றாகக் கிடைக்கும்?" என்று புதிதாக வந்த ஓர் ஆசிரியரோ தபால்காரரோ வால்பாறையில் கேட்பாரானால், அக்கேள்வி சென்னையில் கேட்கப்படுகிற அதே கேள்வி அன்று. நகரவாசிக்குச் சிக்னல் குறைந்தால் காணொளி தடைப்படும், பணம் செலுத்துவதில் தாமதம் நேரும். இங்கோ, இரவு வேலை முடித்துத் திரும்புகிறவனுக்கு வழியில் நிற்கும் யானையைப் பற்றிய எச்சரிக்கை வந்து சேருமா சேராதா என்பதே விஷயம். கைப்பேசி நிறுவனங்களை ஒப்பிடுவது நுகர்வோர் சௌகரியத்தைப் பற்றிய சில்லறைக் காரியம் என்று எண்ணுகிறவர்கள், இந்த மலையை மனத்தில் வைத்து அதைச் சற்று ஆலோசிக்க வேண்டும் என்பது என் விண்ணப்பம்.

பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு வழியாக நாற்பது கொண்டையூசி வளைவுகள் ஏறிச் சென்றால் வருகிற இந்தப் பீடபூமி, சுமார் 220 சதுர கிலோமீட்டர் பரப்புள்ளது. சுற்றிலும் ஆனைமலைப் புலிகள் காப்பகமும் கேரளத்துக் காடுகளும் வளைத்து நிற்க, நடுவே ஐயர்பாடி, அக்காமலை, கருமலை, உருளிக்கல், முடிஸ், சின்கோனா, சோலையாறு என்று தோட்டங்களும் ஊர்களும் குன்றுகளுக்கும் மடுவுகளுக்கும் இடையே சிதறிக் கிடக்கின்றன. கைப்பேசியின் அலை ஒளிக்கு உறவானது. வாசலில் வைத்த விளக்கின் வெளிச்சம் சுவருக்குப் பின்னால் இருட்டை விட்டு வைப்பதைப்போல, கோபுரத்து அலையும் குன்றுக்குப் பின்னால் ஒரு நிழலை விட்டுச் செல்கிறது. முகட்டில் நிற்பவனுக்கு ஜியோ, ஏர்டெல், வி, பி.எஸ்.என்.எல். என்ற நாலு நிறுவனங்களின் அலையும் தாராளமாகக் கிடைக்க, அதே முகட்டுக்கு இருநூறு அடி கீழே ஓடைக்கரையில் இருக்கும் லயன் வீடுகளில் ஒன்றுமே எட்டாமற்போவது இதனாலேதான். அந்த வீடுகள் ஏன் பள்ளத்தில் இருக்கின்றனவென்றால், தண்ணீர் பள்ளத்தில் இருக்கிறது. தோட்டம் போட்ட காலத்தில் தொழிலாளருக்கு வீடு கட்டியவர்கள் ஓடையைப் பார்த்துக் கட்டினார்கள். நூறாண்டுக்கு முன் செய்த அந்தத் தீர்மானம் இன்று யாருக்குச் சிக்னல் கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது என்பதையும் நிர்ணயிக்கிறது.

நிறுவனங்களுக்குள் இருக்கும் வித்தியாசமும் இந்த நிலவியலோடு சேர்ந்தே வெளிப்படுகிறது. அலைவரிசை தாழ்ந்ததாக இருக்க இருக்க அலை தூரம் செல்லும், சுவரை ஊடுருவும், முகட்டின் விளிம்பில் சற்று வளைந்தும் இறங்கும். உயர்ந்ததாக இருக்க இருக்க அதிகச் செய்திகளைச் சுமக்கும்; ஆனால் எளிதில் தடைப்படும். ஜியோ நிறுவனம் தன் 4ஜி சேவைக்கு 850, 1800, 2300 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளை வைத்திருக்கிறது, பி.எஸ்.என்.எல். 700, 2100 ஆகியவற்றில் தன் 4ஜி சேவையை நிறுவிவருகிறது. 2300இல் பொள்ளாச்சிக் கடைவீதியில் விரைந்து செயல்படுகிற ஒரு சேவை, மலைப்பள்ளத்தில் 850ஐ நம்பித்தான் உயிர்வாழ வேண்டும். அந்தத் தாழ்ந்த அலைவரிசையைச் சுமக்கும் சாதனம் அருகிலுள்ள கோபுரத்தில் பொருத்தப்பட்டிருக்கிறதா என்பதைப் பொறுத்தே அதன் பெருமை நிற்கும். எனவே தமிழ்நாடு முழுவதற்கும் எது முதல், எது இரண்டாவது என்ற தரவரிசை, கருமலையில் இருப்பவனுக்கு ஏறக்குறைய உபயோகமற்றது.

இதைவிட முக்கியமானதும், பலரும் கவனியாததுமான ஒரு விஷயம் உண்டு. யாருடைய கைப்பேசிக்கு என்று கேட்காமல் சிக்னலை ஒப்பிடுவது பிசகு. 2016 செப்டம்பரில் ஆரம்பமான ஜியோவுக்கு 2ஜி, 3ஜி சேவைகள் இல்லை. ஏர்டெல், வி, பி.எஸ்.என்.எல். ஆகியவை 2ஜி சேவையை இன்னும் நடத்துகின்றன. பழைய பட்டன் போன் வைத்திருக்கிற கொழுந்து பறிக்கும் மூதாட்டிக்கு 4ஜி கோபுரம் பக்கத்திலேயே இருந்தாலும் பிரயோஜனமில்லை. அவருக்கு 2ஜி அலை எங்கே முடிகிறதோ அங்கே உலகத் தொடர்பும் முடிகிறது. ஸ்மார்ட்போன் வைத்திருக்கும் அவருடைய பேரனுக்கோ, வேறோர் எல்லை. ஒரே வீட்டில், ஒரே நிறுவனத்தின் சிம்மை வைத்துக்கொண்டே இருவேறு வரைபடங்களில் அவர்கள் வாழ்கிறார்கள்.

அளவிடுவதிலும் நாம் ஏமாறுகிறோம். கைப்பேசியின் மேல்மூலையில் தெரியும் கோடுகளுக்குப் பொதுவான தரநிர்ணயம் ஏதுமில்லை. எத்தனை அலைபலத்துக்கு எத்தனை கோடு காட்டுவதென்பதை ஒவ்வொரு கைப்பேசித் தயாரிப்பாளரும் தம் விருப்பப்படி தீர்மானிக்கிறார்கள். மெய்யான அளவு டிபிஎம் என்னும் எண்ணில் இருக்கிறது. பல ஸ்மார்ட்போன்களின் அமைப்புகள் பகுதியில் தேடினால் அது அகப்படும். அது மைனஸ் எண். பூஜ்யத்திலிருந்து விலக விலகச் சிக்னல் மெலிகிறது. மைனஸ் 85 என்பதற்கும் மைனஸ் 115 என்பதற்கும் முப்பதுதானே வேறுபாடு என்று எண்ணிவிடக் கூடாது. ஒவ்வொரு பத்துக்கும் பலம் பத்தில் ஒரு பங்காகக் குறைவதால், இரண்டாவது இடத்தில் கிடைப்பது முதலிடத்தில் கிடைத்ததில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தகரக் கூரையும் ஈரச் சுவரும் அதிலும் ஒரு பகுதியைக் குடித்துவிடுகின்றன. வீட்டு வாசலில் பேச முடிந்தவன் அடுக்களைக்குள் பேச முடியாமற்போவதற்கு இந்தக் கணக்கே காரணம்.

அரசாங்கம் இவ்விஷயத்தில் கண்மூடி இருக்கிறது என்று சொல்வது நியாயமாகாது. இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2024இல் வகுத்து, அவ்வாண்டு அக்டோபர் முதல் தேதியிலிருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்த விதிகளின்படி, ஒவ்வொரு நிறுவனமும் தன் சேவை எந்தெந்த இடத்தில் கிடைக்கிறது என்று காட்டும் வரைபடத்தைப் பிரசுரிக்க வேண்டும். பாராட்டத்தக்க விதிதான். ஆயினும் இவ்வகை வரைபடங்கள் பெரும்பாலும் கோபுரத்தின் உயரத்தையும் நிலத்தின் மேடுபள்ளத்தையும் வைத்துக் கணிப்பொறி ஊகிக்கும் சித்திரங்கள். மரம் அடர்ந்த ஒரு சோலைக்குப் பின்னாலுள்ள பத்து வீடுகளை நேரில் சென்று பார்த்துத் தீட்டியவை அல்ல. பேச்சு நடுவில் அறுந்துபோகும் அழைப்புகள் நூற்றுக்கு இரண்டுக்கு மேற்படலாகாது என்ற நியமமும் இருக்கிறது. அதிலும் ஒரு குறை ஒளிந்திருக்கிறது. அழைப்பு கிடைத்த பிறகு அறுந்தால்தான் அது கணக்கில் ஏறும். அழைப்பே கிடைக்காத இடத்தில் அறுந்துபோக ஏதுமில்லையாதலால், முழு இருளில் இருக்கும் ஒரு குடியிருப்பு அந்தச் சதவீதத்தில் எந்தக் களங்கத்தையும் உண்டாக்குவதில்லை. கிராமங்களைக் கொண்டு கணக்கிடும் முறையிலும் இதே குறை. 26,316 கோடி ரூபாய்ச் செலவில் 24,680 கிராமங்களுக்கு 4ஜி சேவை அளிக்க 2022 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. பெரிய காரியம், சந்தேகமில்லை. ஆனால் ஒரு கிராமம் சேவை பெற்றுவிட்டதென்று ஏட்டில் எழுதிவிட்டால், அதன் எல்லைக்குள் மைல் கணக்கில் விரிந்து கிடக்கும் தோட்டத்தின் ஒவ்வொரு மடுவுக்கும் அது எட்டிவிட்டதென்று கொள்வதற்கில்லை.

மழைக்காலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தென்மேற்குப் பருவமழை கொட்டும் நாட்களில் சிக்னல் போய்விடுவதைக் கண்டு, மழை அலையைத் தடுத்துவிடுகிறது என்று பலர் நம்புகிறார்கள். கைப்பேசிக்கு வரும் அலையை மழை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. மரம் விழுந்து மின்கம்பி அறுகிறது, கோபுரத்தின் பேட்டரி சில மணி நேரத்தில் தீர்கிறது, ஜெனரேட்டருக்கு டீசல் கொண்டுபோகப் பாதையில்லை. அன்றியும் ஒரு கோபுரத்திலிருந்து இன்னொன்றுக்குச் செய்தியைக் கடத்தும் மைக்ரோவேவ் இணைப்பு மிக உயர்ந்த அலைவரிசையில் இயங்குவதால் அதை மட்டும் பெருமழை உண்மையாகவே தாக்குகிறது. இவற்றை வேறுபடுத்தி அறிந்தால்தான் பரிகாரமும் சரியாக அமையும்: புதுக் கோபுரம் தேவைப்படும் இடம் ஒன்று, இருக்கிற கோபுரத்துக்கு நல்ல பேட்டரி தேவைப்படும் இடம் மற்றொன்று.

பரிகாரம் போட்டியினால் தானே வரும் என்று சொல்வோர் உண்டு. எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றிக்கொள்ளும் உரிமை 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுவதும் நமக்கு இருக்கிறதல்லவா, பிடிக்காதவர் மாறிக்கொள்ளட்டும் என்பது அவர்கள் அபிப்பிராயம். நகரத்துக்கு அது பொருந்தும். முகட்டில் ஒரு நிறுவனம், பள்ளத்தில் இன்னொன்று, தேயிலை ஆலையருகே மூன்றாவது என்று சிக்னல் துண்டு துண்டாகக் கிடைக்கும் மலையில், காலையில் ஒரு தோட்டத்திலும் மாலையில் வேறொன்றிலும் இருக்கும் ஒரு தொழிலாளி எதற்கு மாறுவது? இரண்டு சிம் வைத்துக்கொள்ளலாம் என்றால், தினக்கூலி வாங்குகிற குடும்பம் ஒவ்வொரு மாதமும் இரண்டு ரீசார்ஜ் செய்ய வேண்டும். இருநூறு பேர் வசிக்கும் பள்ளத்தில் நான்கு நிறுவனங்கள் நான்கு கோபுரம் நிறுவப் போவதில்லை. ஒன்று நிறுவுவதே துர்லபம். அந்த ஒன்று எல்லோருக்கும் பயன்பட வேண்டும் என்பதே நான் வற்புறுத்த விரும்புவது.

இந்தத் தத்துவம் புதியதன்று. அவசர அழைப்பை எந்த நிறுவனத்தின் கோபுரம் வழியாகவும் அனுப்பக் கைப்பேசித் தொழில்நுட்பத்தின் தரநியமங்களே இடமளிக்கின்றன. ஆபத்தில் சிக்கியவன் 112ஐ அழைக்கும்போது அவன் யாருக்குச் சந்தா கட்டுகிறான் என்று கோபுரம் பார்ப்பதில்லை. ஆனால் அந்தச் சலுகை வெளியே போகும் கூக்குரலுக்குத்தான். 'யானை நிற்கிறது, அந்த வழி போகாதே' என்று உள்ளே வரவேண்டிய குறுஞ்செய்திக்கு இல்லை. ஆபத்து நேர்ந்த பிறகு திறக்கும் கதவு, ஆபத்தைத் தவிர்க்கும் நேரத்தில் மூடியிருப்பது எந்த நியாயத்தில் சேரும்? அரசின் டிஜிட்டல் பாரத் நிதியின் உதவியால் எழுந்த 4ஜி கோபுரங்களில், ஒரு நிறுவனத்தின் சந்தாதாரர் மற்றொன்றின் அலையைப் பயன்படுத்திக்கொள்ளும் ஏற்பாடு 2025 ஜனவரியில் துவக்கி வைக்கப்பட்டது. அந்நிதி எங்கிருந்து வருகிறதென்றால், நிறுவனங்கள் தங்கள் வருவாயில் நூற்றுக்கு ஐந்து வீதம் செலுத்துவதிலிருந்து. அதாவது கடைசியில் நாம் செலுத்தும் கட்டணத்திலிருந்து. இந்த ஏற்பாட்டை நிதியுதவி பெற்ற கோபுரங்களோடு நிறுத்தாமல், ஒரே ஒரு நிறுவனத்தின் அலை மட்டும் எட்டுகிற மலைப் பிரதேசங்கள் அனைத்துக்கும், குறைந்தபட்சம் குரலுக்கும் குறுஞ்செய்திக்குமாவது, விஸ்தரிக்க வேண்டும்; 2ஜி சேவையும் அதில் அடங்க வேண்டும்.

முதலீடு செய்தவன் ஒருவன், அனுபவிப்பவன் மற்றொருவனா என்று நிறுவனங்கள் கேட்பது இயல்பே. அதற்கு நியாயமான வாடகை விதிக்கலாம். பிரிட்டனில் 2020ஆம் ஆண்டில் அப்போதிருந்த நான்கு நிறுவனங்களும் அரசும் ஏறக்குறையச் சரிபாதியாகச் செலவை ஏற்று, கிராமப்புறங்களில் கோபுரங்களைப் பகிர்ந்துகொள்ள உடன்படிக்கை செய்துகொண்டன. நம் நாட்டிலும் இரும்புக் கோபுரத்தையும் அதன் மின்சாரத்தையும் பல நிறுவனங்கள் பங்கிட்டுக்கொள்வது வெகுநாளைய வழக்கம்; அலையையும் அவ்வாறே எங்கும் பங்கிடுவதுதான் மீதமிருக்கும் படி.

அதற்கு முன்னால், எங்கே எது எட்டுகிறது என்ற உண்மை ஜனங்கள் கையில் இருக்க வேண்டும். வால்பாறை நகராட்சி, தோட்ட நிர்வாகங்களையும் தொழிற்சங்கங்களையும் காடர், முதுவர் முதலிய பழங்குடிக் குடியிருப்புகளின் பெரியோரையும் சேர்த்துக்கொண்டு, இந்தக் கணக்கெடுப்பைத் தானே நடத்தலாம். ஒவ்வொரு லயன் வீட்டு வரிசையிலும், பள்ளிக்கூடத்திலும், பேருந்து நிற்குமிடத்திலும், வாசலில் ஒரு முறையும் வீட்டுக்குள் ஒரு முறையும், நான்கு நிறுவனங்களின் டிபிஎம் எண்ணை ஸ்மார்ட்போனில் பார்த்துக் குறித்துக்கொள்வதோடு, பட்டன் போனுக்கும் ஸ்மார்ட்போனுக்கும் ஒரு குறுஞ்செய்தி அனுப்பி அது எத்தனை நேரத்தில் வந்து சேருகிறது என்றும் பார்க்க வேண்டும். மழைக்கு முன் ஒரு தடவையும் மழையின் நடுவில் ஒரு தடவையும் எடுத்தால், கோபுரமில்லாத குறை எது, மின்சாரமில்லாத குறை எது என்று தெளிவாகப் பிரிந்துவிடும். அப்பட்டியலைத் தேதியிட்டு நியாயவிலைக் கடையிலும் தேயிலை ஆலை வாசலிலும் ஒட்டி, அதன் பிரதியை ஒழுங்குமுறை ஆணையத்துக்கும் நான்கு நிறுவனங்களுக்கும் அனுப்ப வேண்டும். அவர்கள் பிரசுரித்திருக்கும் வரைபடத்துக்கும் இதற்கும் எங்கெங்கே முரண்படுகிறதோ அங்கங்கே நேரில் வந்து அளந்து பார்த்துப் பதில் சொல்லும் கடமையை அவர்கள் மீது விதியாகவே சுமத்த வேண்டும்.