பாத்டப்பைத் தின்ற அமிலம்: 'பிரேக்கிங் பேட்' சொல்வதில் எவ்வளவு நிஜம்?

'பிரேக்கிங் பேட்' டைட்டிலிலேயே பாடம் ஆரம்பமாகிவிடுகிறது. பச்சைக் கட்டத்தில் புரோமின், அணு எண் 35; அடுத்து பேரியம், 56. 2008 முதல் 2013 வரை ஓடிய அந்த அமெரிக்க சீரியலைப் பார்த்த பலருக்கு, ஸ்கூலில் மண்டையில் ஏறாத தனிம அட்டவணை கொஞ்சமாவது ஒட்டியிருக்கும்.

முதல் சீசனின் இரண்டாவது எபிசோடை எடுத்துக்கொள்வோம். ஒரு சடலத்தைக் கரைக்க ஹைட்ரோஃபுளோரிக் அமிலம். கெமிஸ்ட்ரி வாத்தியார் வால்டர், பாலிஎத்திலின் தொட்டி வாங்கி வரச் சொல்கிறார். சரியான சைஸ் கிடைக்காத ஜெஸ்ஸி, வீட்டு பாத்டப்பிலேயே ஊற்றிவிடுகிறான். டப், தரை எல்லாம் அரித்து மொத்தமும் கீழ்த்தளத்தில் வந்து விழுகிறது.

இதில் பாதி நிஜம். இந்த அமிலம் கண்ணாடியில் இருக்கும் சிலிக்காவை அரிக்கும். அதனால்தான் லேபில் இதை பிளாஸ்டிக் பாட்டிலில் வைக்கிறார்கள். பாத்டப்பின் எனாமல் பூச்சும் ஒரு வகைக் கண்ணாடிதான். ஆனால் டப்பையே ஓட்டை போட்டுத் தரையையும் தின்பது கதை. 2013-ல் 'மித்பஸ்டர்ஸ்' நிகழ்ச்சியில் சோதித்துப் பார்த்தார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை.

இன்னும் சுவாரஸ்யமான விஷயத்தை சீரியல் தொடவே இல்லை. பாடப்புத்தகக் கணக்கில் இது 'வலிமை குறைந்த' அமிலம். தண்ணீரில் முழுசாக அயனிகளாகப் பிரியாது என்பதுதான் அதற்கு அர்த்தம், ஆபத்து குறைவு என்பதல்ல. பிரியாத மூலக்கூறுகள் தோல் வழியாக ஈஸியாக உள்ளே போய்விடும். அங்கே ஃபுளோரைடு, உடம்பில் உள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். இதயத் துடிப்பே தாறுமாறாகலாம். நீர்த்த கரைசல் என்றால் வலி பல மணி நேரம் கழித்துத்தான் தெரியும். இதைக் கையாளும் லேப்களில் கால்சியம் குளுகோனேட் ஜெல் வைத்திருப்பது இதற்காகத்தான். 'வலிமை' என்ற ஒரு வார்த்தையைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்தவர், லேபில் அதை நம்பி அலட்சியமாக இருந்தால் என்ன ஆகும்?

போதைப்பொருள் கதையை வகுப்பில் பேசலாமா என்ற தயக்கம் நியாயமானதே. ஓக்லஹோமா பல்கலைக்கழகப் பேராசிரியர் டோனா நெல்சன் இந்த சீரியலுக்கு அறிவியல் ஆலோசனை சொன்னவர். பின்னாளில், 2016-ல், அமெரிக்க வேதியியல் சங்கத்தின் தலைவரானார். அவ்வளவு கவனம் இருந்தும், தயாரிப்பு முறையை சீரியல் முழுசாகக் காட்டவில்லை. வகுப்பிலும் ரத்தக் காட்சி தேவையில்லை. 'பிளாஸ்டிக் தாங்குது, பாத்டப் ஏன் தாங்கல?' என்ற கேள்வி போதும்.