கியரை மாற்றுங்கள், காசு மிஞ்சும்!

தோட்டத்துச் சகோதரர்களே! தோட்டத்திலிருந்து ஷா ஆலாம், கிள்ளான் தொழிற்சாலைகளுக்குக் கப்சாயில் போகிறவர்கள் சம்பளத்தில் எண்ணெய்க்கே எவ்வளவு கொடுக்கிறோம்! விலையைக் குறை சொல்கிறோம்; சொல்ல வேண்டியதுதான். ஆனால் கூட்டரசு நெடுஞ்சாலையின் மோட்டார் சைக்கிள் பாதையில் காலையில் நின்று கேளுங்கள், வண்டிகள் என்னமாய் அலறுகின்றன!

"மெதுவாத்தானே போறேன், எண்ணெய் எப்படித் தீருது?" என்கிறார்கள். மெதுவாகத்தான் போகிறீர்கள், இரண்டாவது கியரிலேயே! அதே தூரத்துக்கு இஞ்சின் அதிகம் சுற்றுகிறது. உள்ளே உராய்வுக்கே எண்ணெய் வீணாகிறது. ஹோண்டா இஎக்ஸ் 5 வண்டியில் நாலு கியர் எதற்கு? அலறுமுன் மாற்றுங்கள்.

அதற்காக மேட்டிலும் நாலாவதிலேயே போய் வண்டியைத் திணறடிக்காதீர்கள், அதுவும் நட்டமே. இளைஞர்களே, நாலாவதில் முழுக்க முறுக்கினாலும் மிச்சமில்லை: வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நாலு மடங்கு.