காலி இருக்கைக்கு என்ன விலை?



"பந்தாட்டம் பார்க்க நான் ஒருவன் போகாவிட்டால் யாருக்கு என்ன நட்டம்?" என்று கேட்கிறோம். ஈப்போ அரங்கின் கதையைக் கொஞ்சம் கேளுங்கள்.

தோட்டத்திலிருந்து லாரி பிடித்துப் போய், மலேசியக் கிண்ண ஆட்டம் பார்த்துவிட்டு நள்ளிரவில் திரும்பியவர்கள் நம் தகப்பன்மார். அந்தக் கூட்டத்தை விரட்டியது 1994-இல் வெடித்த ஆட்ட விற்பனை ஊழல்தான். 126 ஆட்டக்காரர்கள் விசாரிக்கப்பட்டார்கள். 58 பேருக்குத் தடை. ஆட்டக்காரர், பயிற்றுநர் என்று 21 பேர் நீக்கம். முன்பே விலைபோன ஆட்டத்தைக் காசு கொடுத்துப் பார்க்க யாருக்கு மனம் வரும்? ரசிகர்கள் கோஷம் போடவில்லை. பேசாமல் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள்.

அதே சமயம், நுழைவுச்சீட்டு வசூல் தகராறில் சிங்கப்பூரும் விலகிக்கொண்டது. சிங்கப்பூர் வந்தால் அரங்கு நிரம்பும், புந்தோங் கச்சாங் பூத்தே வியாபாரிக்கும் நல்ல வரும்படி. அதுவும் போயிற்று. 1996-இல் ஆஸ்ட்ரோ வந்தது. ஒட்டுக்கடையில் ஒரு தேநீருக்கு இங்கிலாந்து ஆட்டத்தையே பார்க்கலாம் என்றானபின் ஈப்போவுக்கு பஸ் ஏறுவானேன்?

ஆனால் ஒன்று. நம் மாநிலக் குழுக்கள் நுழைவுச்சீட்டை நம்பிப் பிழைத்தவை அல்ல. மாநில அரசாங்கமும் அரசாங்கம் சார்ந்த நிறுவனங்களும் கொடுத்த பணமே பெரும்பங்கு. ஆகவே இருக்கை காலியானது மேலே இருந்தவர்களுக்கு உறைக்கவே இல்லை! பேராக் 1998-இலும் 2000-இலும் கிண்ணத்தை வென்று வந்தது.

விளம்பரம் கொடுக்கும் கம்பெனிக்காரனோ தலையை எண்ணுகிறவன். அரங்கில் எத்தனை தலை, தொலைக்காட்சி முன்னால் எத்தனை தலை? இரண்டும் குறைந்தால் அடுத்த ஒப்பந்தம் சுருங்கும். 2018-இல் டெலிகோம் மலேசியா எட்டாண்டுக்கு 48 கோடி வெள்ளி என்று லீக்கோடு ஒப்பந்தம் செய்தது. மறு ஆண்டே அது முறிந்தது. கூட்டம் குறைந்தது மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அரங்குகள் நிரம்பி வழிந்திருந்தால் அவ்வளவு சுலபமாகக் கைகழுவியிருப்பார்களா?

பிறகு மாநிலக் குழுக்களைத் தனிக் கிளப்புகளாக்கி, சொந்தக் காலில் நிற்கச் சொன்னார்கள். நிற்கக் கால் ஏது? 2018-இல் மலேசியக் கிண்ணம் வென்ற பேராக், 2021-இல் சம்பளம் கொடுக்க முடியாமல் திணறி, அந்த ஆண்டே கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. 2025-இல் லீக்கிலிருந்தே விலகியது. நம் இந்தியப் பிள்ளைகள் பலர் ஆடிய பெட்டாலிங் ஜெயா சிட்டி 2022-ஆம் ஆண்டு ஆட்டங்களோடு கடையைக் கட்டிவிட்டது.

புறக்கணித்தது தப்பு என்று நான் சொல்லமாட்டேன். ஏமாற்றப்பட்டவனுக்கு அந்த உரிமை உண்டு. அந்தக் கோபம் போய்ச் சேர்ந்த இடத்தைத்தான் பாருங்கள். ஆட்டத்தை விற்றவர்கள் எப்போதோ ஒதுங்கிவிட்டார்கள். 2021-இல் சம்பளப் பாக்கிக்குக் காத்துக் கிடந்தவர்களில் பலர், 1994-இல் தொட்டிலில் கிடந்த பையன்கள்.