நாய் செய்த குற்றம் என்ன?

உலு திராமிலிருந்து கோத்தா திங்கிக்குச் செல்லும் சாலையோரத்தில் மகிழுந்தை நிறுத்திவிட்டு, மூக்கைப் பொத்தியபடி பின்னிருக்கையைத் துடைப்பவரை நீங்களும் பார்த்திருக்கலாம். பக்கத்தில் ஒரு நாய் வாலைக் கால்களுக்கிடையே நுழைத்துக்கொண்டு நிற்கும். “இனிமேல் உன்னை எங்கேயும் கூட்டிப் போகமாட்டேன்!” என்று ஏச்சு விழும். அந்த ஏச்சு நாய்க்கு உரியதன்று என்பதே என் கருத்து.

உடலின் சமநிலையைக் காக்கும் உறுப்பு உட்காதில் இருக்கிறது. வண்டி வளைந்து குலுங்கும்போது, ‘நகர்கிறோம்’ என்று உட்காது மூளைக்குச் செய்தி அனுப்புகிறது. கண்ணோ அசையாத இருக்கையைப் பார்க்கிறது. இந்த முரண்பாட்டால் குமட்டல் உண்டாகிறது. நம்மில் பலருக்கும் மலைப்பாதையில் நேர்வது இதுதான். குட்டிகளுக்கு அவ்வுறுப்பு முழு வளர்ச்சி அடையாததால் தொல்லை அதிகம். வளர வளரப் பல குட்டிகளுக்கு அது நீங்கிவிடும்.

வளர்ந்த பிறகும் நீங்காவிட்டால், பெரும்பாலும் அச்சமே காரணம். ஆண்டுக்கு ஒரு முறைதான் நாயை மகிழுந்தில் ஏற்றுகிறோம். அதுவும் ஊசி போடுவதற்கு! மகிழுந்து என்றாலே ஊசி என்று அது கற்றுக்கொள்கிறது. கதவைத் திறந்ததுமே எச்சில் வடிக்கிறது, நடுங்குகிறது, அடிக்கடி கொட்டாவி விடுகிறது. கற்றுக்கொடுத்தவர் நாம்தானே?

இருக்கை அழுக்காகும் என்று சிலர் கால்நடை மருத்துவரிடம் போவதையே நிறுத்திவிடுகின்றனர். இதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. 2015ஆம் ஆண்டு பெர்லிஸ், கெடா, பினாங்கு ஆகிய மாநிலங்களில் வெறிநாய்க்கடி நோய் பரவியது. 2017ஆம் ஆண்டு சரவாக்கில் அது மனித உயிர்களையும் பறித்தது. தடுப்பூசியைத் தவறவிடுவது அந்த வீட்டோடு முடிகிற விவகாரமன்று. வளர்ப்பவர் தம் விலங்கை வலியிலிருந்தும் நோயிலிருந்தும் காக்க வேண்டும் என்று விலங்கு நலச் சட்டம் 2015 சொல்கிறது.

பழக்கினால் நாய் பழகும். முதலில் வீட்டு முற்றத்தில், இயந்திரத்தை முடுக்காத மகிழுந்தில் சிறிது நேரம் உட்காரவைத்துப் பிடித்த தின்பண்டம் கொடுக்கலாம். அடுத்து, வீடமைப்புப் பகுதியை ஒரு சுற்று. பிறகு விளையாட்டுத் திடல் வரை. அங்கே ஓடவிட்டுத் திரும்பினால், மகிழுந்து மகிழ்ச்சிக்கும் உரியது என்று நாய் தெரிந்துகொள்ளும். பயணத்திற்குச் சில மணி நேரம் முன்பே உணவை நிறுத்திவிட வேண்டும்; தண்ணீர் கொடுக்கலாம். சன்னலைச் சற்றுத் திறந்து வைத்தால் காற்று வரும். வார்ப்பட்டையோ கூண்டோ இருந்தால் வளைவுகளில் நாய் உருளாது. இவ்வளவு செய்தும் வாந்தி நிற்காவிட்டால் கால்நடை மருத்துவரைக் கேட்க வேண்டும். நாய்களுக்கென்றே மருந்து இருக்கிறது. நம் வீட்டு மாத்திரையை நாமே உடைத்துக் கொடுப்பது ஆபத்து.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்பார்கள். ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம் போதும். இருக்கை உறையைக் கழற்றித் துவைத்துக் காயவைக்க ஒரு நாள் ஆகும். ஜொகூரின் மழைக்காலத்தில் இரண்டு நாள்.