28 நாள் பொறுக்க மாட்டோமா?



அரியலூர் சிமெண்டில் கான்கிரீட் போட்டு மறுநாளே பாரம் ஏற்றலாமா? சிவில் மாணவன் யாரைக் கேட்டாலும், "28 நாள் ஆகணும், அப்பத்தான் ஸ்ட்ரெங்த்" என்பான். மனித உடம்பு விஷயத்தில் மட்டும் நமக்கு அந்தப் பொறுமை இல்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

என் மாமா மகனுக்கு ரத்தப் புற்றுநோய். வேலூரில் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்தார்கள். "ஆபரேஷன்தான் முடிஞ்சிருச்சே, ஏன் இன்னும் ஊருக்கு வரல?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். ஆபரேஷனே கிடையாது. அவன் அக்கா கொடுத்த மூலச் செல்கள் ஒரு பையில் வந்து, குளுக்கோஸ் மாதிரி நரம்பில் இறங்கின. அதற்கு முன்பே கடும் மருந்து கொடுத்துப் பழைய மஜ்ஜையை அழித்து விடுவதால், வெள்ளை அணுக்கள் ஏறக்குறைய பூஜ்யத்துக்கு வந்துவிடும். புதுச் செல்கள் எலும்புக்குள் வேர்பிடிக்க 2 முதல் 4 வாரம் ஆகும். நியூட்ரோபில் என்ற வெள்ளையணு தொடர்ந்து 3 நாள் 500-க்கு மேல் நிற்க வேண்டும். தட்டணுக்கள் பெரும்பாலும் அதற்கும் பிறகுதான். மாமா தினமும் போனில் அந்த எண்ணை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுவார். 21-ஆம் நாள்தான், "பிடிச்சிருச்சுடா" என்றார். அழுதாரா சிரித்தாரா, தெரியவில்லை.

ஊர்ப் பேச்சோ வேறு. "பொட்டப்புள்ள எலும்புல கைய வச்சிட்டாங்களே, நாளைக்கு எவன் கட்டுவான்?" படிக்காத சனம் என்று தள்ளிவிட முடியாது, நம் ஹாஸ்டலிலேயே ஒருவன் கேட்டான். அக்காவின் எலும்பை யாரும் தொடவில்லை. சில நாள் ஊசி போட்டு, கை நரம்பிலிருந்து வந்த ரத்தத்தில் மிஷின் மூலம் செல்களைப் பிரித்துக்கொண்டு மீதியைத் திருப்பி ஏற்றிவிட்டார்கள். இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையாகவே எடுத்தாலும் சில வாரங்களில் ஊறிவிடும். இறைக்கிற கிணறுதானே! உடன்பிறந்தவர் முழுதாகப் பொருந்துவதற்கு 4-இல் 1 வாய்ப்புதான். அந்த ஒன்றாக அமைந்த அக்காவைப் போயா இப்படிப் பேசுவது? மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் 1983-இலும், வேலூர் சி.எம்.சி.யில் 1986-இலும் தொடங்கிய சிகிச்சை இது.

காத்திருக்கும் நாட்களில் தட்டணுக்களை வேறு யாராவது கொடுத்தாக வேண்டும். பொதுவாக 5 நாளுக்கு மேல் அவற்றை ஸ்டாக் வைக்க முடியாது. 18 வயது நிறைந்து, எடையும் உடல்நலமும் சரியாக இருந்தால் நாமே கொடுக்கலாம். எனக்கு 18 முடிந்த வாரமே பெரம்பலூரில் பஸ் ஏறிப்போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். அம்மாவிடம் ஒர்க்ஷாப் என்று சொல்லியிருக்கிறேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் இந்த மலர் வீட்டுக்கு வந்ததும் தங்கச்சி சத்தம் போட்டுப் படித்துவிடுவாள்.