பாய்மரப் படகும் மலைத் தெருவிளக்கும்

புதுச்சேரியில் என்னோடு பிரெஞ்சு வழியில் படித்த நண்பன் ஒருவன், பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து ஓய்வு பெற்று, இப்போது பிரான்சின் மேற்குக் கடற்கரையில் குடியிருக்கிறான். அவனிடம் சின்னதாக ஒரு பாய்மரப் படகு உண்டு. அக்டோபர் வந்தால் படகைக் கரையேற்றி, பாயைக் காயவைத்து மடித்து, பாட்டரிகளைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவான். முழுதாகச் சார்ஜ் ஏற்றி, மாதம் ஒரு முறை வோல்டேஜ் பார்ப்பான். இதற்கு அங்கே 'இவெர்னாஜ்' என்று பெயர். குளிர்காலம் கழித்தல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கள்ளக்குறிச்சியில் எங்கள் காலை நடைக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். "அது பனி கொட்டுற ஊரு சார், நமக்கு எதுக்கு?" என்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைத்தான் மறுக்க வந்திருக்கிறேன்.

பாட்டரிக்கு முதல் எதிரி பனி அல்ல, சார்ஜ் இறங்கிக் கிடப்பதுதான். முழுச் சார்ஜில் உள்ள ஈய-அமில பாட்டரி அந்தக் குளிரில் உறையாது. ஆனால் சும்மா வைத்தாலும் மாதம் சில சதவீதம் தானாக இறங்கும். வெப்பம் 10 டிகிரி கூடினால் இறங்கும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். இறங்கிக் கிடந்தால் தகடுகளில் ஈய சல்பேட் கெட்டிப்பட்டுவிடும், பிறகு எந்தச் சார்ஜர் போட்டாலும் எழுந்திருக்காது. ஆகவே குளிர் நாட்டுக்காரனைவிட இந்தக் கவனம் நமக்குத்தான் அதிகம் வேண்டும். மகன் வீட்டுக்கு ஆறு மாதம் அமெரிக்கா போகிறவர்கள் இன்வெர்ட்டரை அப்படியே அணைத்துவிட்டுப் போய், திரும்பி வந்து கடைக்காரரைத் திட்டுவதும் இதனால்தான்.

வீட்டு பாட்டரி செத்தால் நஷ்டம் நம்மோடு போகும். சில ஆண்டுகளுக்கு முன் கல்வராயன் மலையில் ஒரு சிற்றூருக்குப் போயிருந்தேன். சோலார் தெருவிளக்குகள் வரிசையாக நின்றன, ஒன்றும் எரியவில்லை. "வந்த புதுசுல நல்லாத்தான் எரிஞ்சுதுங்க. ரெண்டாவது கார்த்திகையில நின்னுபோச்சுங்க" என்றார் ஒரு பெரியவர். பாம்பு நடமாடும் பாதை என்று, கையில் டார்ச்சோடு எங்களை வண்டி வரை கொண்டுவந்து விட்டார்.

கார்த்திகை என்றாரே, அதைக் கவனியுங்கள். வடகிழக்குப் பருவமழையில் மலை நாள்கணக்காக மூட்டத்தில் கிடக்கும். பகலில் தகட்டுக்கு வெயில் இல்லை, இரவிலோ விளக்கு எரிந்தாக வேண்டும். அரைகுறைச் சார்ஜில் வாரக்கணக்கில் கிடந்தால் பாட்டரி சாகாமல் என்ன செய்யும்? நம் மலையின் இவெர்னாஜ் காலம் இதுதான். ஐப்பசிக்கு முன் ஓர் ஆள் ஏறித் தகட்டைத் துடைத்து, முனைகளைச் சுத்தம் செய்து, விளக்கு எரியும் நேரத்தைக் குறைத்து, தளர்ந்த பாட்டரியை மின்சாரத்தில் சார்ஜ் ஏற்றி மாட்டினால் போதும்.

"அதற்கு எந்தத் தலைப்பில் செலவு எழுதுவது?" என்பார்கள். கொள்முதலுக்குத் தலைப்பு உண்டு, திறப்பு விழாவுக்குப் பந்தல் உண்டு, பராமரிப்புக்கு மட்டும் "நிதி ஒதுக்கீடு இல்லை". இப்படிக் குறிப்பெழுதிக் கோப்பைக் கட்டிய கைகளில் என் கையும் ஒன்று. ஆகவே பிறரை மட்டும் குறை சொல்லும் யோக்கியதை எனக்கில்லை. ஆனால் அந்தச் சிக்கனம் பொய்ச் சிக்கனம். ஆண்டுக்கு ஒரு நாள் கூலியை மிச்சப்படுத்தி, முழு பாட்டரியைப் பறிகொடுக்கிறோம். "ஊர்க்காரர்கள் பார்த்துக்கொள்ளக் கூடாதா?" என்றும் கேட்பார்கள். பெட்டி கம்பத்தின் உச்சியில், சாவி கான்ட்ராக்டரிடம். எப்படிப் பார்ப்பார்கள்?

இது நமக்குத் தெரியாத வித்தையும் அல்ல. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடையில் கடலூருக்குப் போய்ப் பாருங்கள். விசைப்படகுகளைக் கரையேற்றி, பழுது பார்த்து, வர்ணம் அடித்து, வலையைச் சீர் செய்துகொண்டிருப்பார்கள். படகுக்கு ஓய்வு, படகுக்காரருக்கு வேலை. அரசு அலுவலகம் அவர்களிடம் பாடம் படிக்கலாம்.

என் கோரிக்கை சிறியது. இனி ஒரு சோலார் விளக்குக்கு அனுமதி எழுதும்போது, அதே தாளில் மூன்று வரி சேருங்கள்: ஐப்பசியில் பார்ப்பவர் யார், பணம் எந்தத் தலைப்பில், சாவி ஊரில் யாரிடம். இந்த மூன்றும் இல்லையென்றால் கம்பமே நட வேண்டாம். இருட்டு என்று தெரிந்தால் அந்தப் பெரியவர் டார்ச்சாவது எடுத்துக்கொள்வார்.