பாதி மலையில திரும்பினாலும் நேர்ச்சை நேர்ச்சைதான்

நேர்ச்சை வெச்சு மலையேறப் போனா இடி இடிச்சாலும் மின்னல் வெட்டினாலும் உச்சியைத் தொட்டுட்டுத்தான் இறங்கணும், பாதியில திரும்பினா அது செல்லாது. இப்படி ஒரு கட்சி இருக்கு. எங்க சொந்தக்காரங்ககிட்ட ரொம்பவே பலமான கட்சி. நான் எதிர்க்கட்சி. ஏன்னு சொல்லத்தான் இந்தப் பதிவு.

ஓசூர்ல குடியிருந்துகிட்டு, தினமும் அத்திப்பள்ளி டிராஃபிக்ல நீந்தி எலக்ட்ரானிக் சிட்டிக்குப் போய் ஆணி புடுங்குற ஜாதி நான். தவக்காலம் வந்தா எங்க ஏரியாவுல இருந்து ஒரு கூட்டம் மலையாற்றூருக்குக் கிளம்பும். பெங்களூரு–எர்ணாகுளம் இன்டர்சிட்டி ஓசூர் வழியாவே போறதால ரொம்ப வசதி. ஆலுவாவுல இறங்கி, ஆதிசங்கரர் பிறந்த காலடியைத் தாண்டினா பெரியாற்றங்கரையில மலையாற்றூர். புனித தோமையார் வந்து ஜெபம் பண்ணினதா நம்பப்படுற குரிசுமுடி அங்கதான் இருக்கு. கடல் மட்டத்துல இருந்து சுமார் 600 மீட்டர். வழியெல்லாம் கல்லும் மேடும், நடுநடுவே சிலுவைப்பாதையோட 14 ஸ்தலங்கள். தோள்ல மரச்சிலுவையைச் சுமந்துகிட்டு, "முத்தப்பா"ன்னு தோமையாரைக் கூப்பிட்டுகிட்டே ஏறுவாங்க. பார்த்தாலே சிலிர்க்கும்.

சிக்கல் எங்கேன்னா, வானிலை. மார்ச், ஏப்ரல்ல அங்க பகல் வெயில் மண்டையைப் பிளக்கும். அதனால நிறைய பேர் சாயங்காலம்தான் ஏறுவாங்க. நம்ம இன்டர்சிட்டியும் ஆலுவா போய்ச் சேர சாயங்காலம் ஆயிடும், இறங்கின கையோட மலைக்குப் போயிடலாம்னு தோணும். ஆனா கோடைமழை, இடி, மின்னல் எல்லாத்துக்கும் அதேதான் நேரம். மதியம் 2 மணியில இருந்து ராத்திரி 10 மணி வரை மின்னலுக்கு வாய்ப்பு அதிகம்னு கேரளப் பேரிடர் மேலாண்மை ஆணையமே எச்சரிக்கை கொடுக்குது. நமக்கும் இது புதுசு இல்லை. கிருஷ்ணகிரி மாந்தோப்புக்காரரைக் கேளுங்க. ஏப்ரல் மழையை வா வான்னு கூப்பிடுவார், கூடவே ஆலங்கட்டி வந்துடுமோன்னு பயப்படுவார்.

போன வருஷம் அப்பாவோட பைபாஸ் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுக்காக அம்மாவைக் கூட்டிட்டுப் போனேன். ஆறாவது ஸ்தலம் தாண்டும்போது மேகம் கறுத்துடுச்சு. மின்னலுக்கும் இடிக்கும் நடுவுல எண்ணிப் பார்த்தேன், ஒன்பது வினாடி. மூணால வகுத்தா மூணு கிலோமீட்டர். அடுத்தது ஆறு வினாடி. அம்மா கையைப் பிடிச்சு இறக்கிட்டு வந்துட்டேன். கீழே கோயில்ல உட்கார்ந்து மிச்ச ஸ்தலங்களைச் சொல்லி முடிச்சோம். ஊருக்கு வந்ததும் ஒரு சொந்தக்காரங்க, "அரைகுறை நேர்ச்சை குடும்பத்துக்கு ஆகாது"ன்னு போற போக்குல சொல்லிட்டுப் போயிட்டாங்க. அன்னையில இருந்து அப்பா லேசா நெஞ்சைத் தடவினாலே அம்மா முகம் மாறிடுது. எனக்குக் கோபம் வர்றது இங்கதான்.

நம்பிக்கை இருந்தா ஏன் பயம்னு கேக்குறாங்க. நற்செய்தியிலேயே இதுக்குப் பதில் இருக்குங்க. கோயில் உச்சியில நிறுத்தி, குதி, தூதர்கள் தாங்கிக்குவாங்கன்னு சொன்னது சாத்தான். முடியாதுன்னு சொன்னவர் இயேசு. மின்னலுக்கு நடுவுல நடந்து போய், காப்பாத்துறது உன் வேலைன்னு ஆண்டவர்கிட்ட சொல்றது இதுல எந்தப் பக்கம்னு நீங்களே யோசிங்க.

அடுத்தது சட்டம். கத்தோலிக்கத் திருச்சபையோட 1983-ம் வருஷச் சட்டத்தொகுப்புல 1196, 1197-ம் பிரிவுகளைப் பாருங்க. தகுந்த காரணம் இருந்தா, தனிப்பட்ட வாக்கில இருந்து பங்குச் சாமியாரே விடுவிக்கலாம். வாக்குக் கொடுத்தவரே அதைச் சமமான அல்லது அதைவிடப் பெரிய நன்மையா மாத்திக்கவும் செய்யலாம். ரோமாபுரியே வழி விட்டிருக்கு, நம்ம சித்தி, பெரியம்மாக்கள்தான் விட மாட்டேங்குறாங்க :)

அயர்லாந்துல குரோ பாட்ரிக்னு 764 மீட்டர் மலை ஒண்ணு இருக்கு. ஜூலை கடைசி ஞாயிறு ஆயிரக்கணக்கான பேர் ஏறுவாங்க, சிலர் வெறுங்காலோட. நாலு பருவத்தையும் ஒரே நாள்ல காட்டுற ஊரு அது. 2015-ல காத்தும் மழையும் மோசமா இருந்ததால திருச்சபையே அந்த வருஷ யாத்திரையை ரத்து பண்ணுச்சு. அப்படியும் சில நூறு பேர் ஏறினாங்க. அங்க யாராவது வழுக்கி விழுந்தா ஸ்ட்ரெச்சர் தூக்கிட்டு ஓடுறது மலைமீட்புத் தன்னார்வலர்கள். நம்ம பக்திக்கு அவங்க உயிரை ஏன் பணயம் வைக்கணும்?

கஷ்டப்படுறதுதானே தவம்னு ஒரு வாதம் வரும். நியாயமான வாதம். வெறுங்காலு, பசி, தோள்ல சிலுவை, மூச்சு வாங்குற ஏத்தம் எல்லாம் நாமளே விரும்பி ஏத்துக்குற கஷ்டம். மின்னல் அப்படி இல்லை. அது பின்னாடி வர்ற கைக்குழந்தைக்காரியையும் சேர்த்து அடிக்கும். சிப்காட்ல உயரத்துல வேலை பார்க்குறவங்களைக் கேளுங்க. காத்து, மழை, மின்னல்னா வேலையை நிறுத்திட்டுக் கீழே இறங்கணும்கிறது பாதுகாப்பு விதி. அப்படி இறங்குறவனைக் கோழைன்னு யாரும் சொல்றதில்லை. அதே ஆளு மலைக்குப் போனா மட்டும் ஏன் சொல்லணும்?

அதனால அடுத்த தவக்காலத்துக்குப் போறவங்களுக்கு என் யோசனை இதுதான். ராத்திரி அடிவாரத்துல தங்கிட்டு விடியக்காலையில ஏறுங்க. இடி கேட்டா இறங்கி நல்ல கட்டடத்துக்குள்ள போயிடுங்க, மரத்தடியில மட்டும் ஒதுங்காதீங்க. கடைசி இடி கேட்டு 30 நிமிஷம் ஆனப்புறம் யோசிக்கலாம். மழை விடலைன்னா கீழேயே ஜெபத்தை முடிச்சுட்டு வாங்க. திரும்பி வந்தவங்ககிட்ட உச்சி வரைக்கும் போனீங்களான்னு விசாரிக்காதீங்க. சாப்பிட்டீங்களான்னு கேளுங்க, போதும்.